அளியனுக்கு நான் அடித்த கண்ணீர் அஞ்சலி

சின்னமனூரில் கால்பந்து பார்க்கிற ஆட்கள் என்று நான்கு பேரைத்தான் சொல்ல முடியும். அதிலும் இரண்டு பேர், டிவியில் வேறு எதுவும் ஓடாதபோது பார்க்கிறவர்கள். மிச்சம் நானும் என் அளியனும். ஊரே கிரிக்கெட்டிலும் சினிமாவிலும் கிடக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கண்ணால் பார்த்திராத இரண்டு நாடுகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தோம். நான் அர்ஜென்டினா, அவன் பிரேசில். உலகப் படத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால், இரண்டு பேருமே விரலைக் கொஞ்சம் சுற்றவிட்டுத்தான் வைப்போம்.

அளியன் என்றால் மலையாளத்தில் மைத்துனன். எங்களுக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. இருபது வயதில் இரண்டு பேரும் மலையேறிப் போய்க் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலைக்கு நின்றோம். அந்த முதலாளியின் மகன்கள் மூன்று பேருக்கும் கால்பந்துப் பைத்தியம். அவர்களோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எங்களுக்கும் பிடித்துக்கொண்டது. அங்கே சிநேகிதனை அளியா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து நாங்கள் இறங்கி வந்தபோது அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்தோம். அவன் சின்னமனூரில் உரக்கடை வைத்தான். நான் பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்தேன். இப்போது இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து ஆகிறது. இந்த வயதிலும் கடைவீதியில் அளியா என்று கத்துவோம், போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

குமுளியிலிருந்து நான் இன்னொன்றையும் கொண்டுவந்தேன். அங்கே உலகக் கோப்பைச் சமயத்தில் ஓர் அணி தோற்றால், எதிர்க் கோஷ்டி மறுநாள் காலையிலேயே அந்த அணிக்கு அஞ்சலி பேனர் வைத்துவிடும். மலர்வளையம்கூட வைப்பார்கள். தோற்றவனே வந்து அந்தப் பேனருக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வான். பழிவாங்க நாலு வருஷம் பொறுத்திருப்பான். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மலையிறங்கும் செக்போஸ்ட்டில் எதை எதையோ அவிழ்த்துப் பார்க்கிறார்கள், என் மண்டைக்குள் இருந்த இந்தச் சரக்கை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் மனுஷனுக்கு நடக்கிற எல்லாமே பிளெக்ஸில் ஏறித்தான் ஆக வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தலைவர் பிறந்தநாள், பட ரிலீஸ், சாவு. கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் இருபது பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் பேசுகிற மாதிரி நிற்பார்கள். யாரிடம்தான் பேசுகிறார்களோ. சினிமா ரசிகர்கள் வந்தால் அவர்கள் நாயகனைப் புலியின் மேல் உட்காரவைக்கச் சொல்வார்கள். ஒரு கோஷ்டிக்குப் புலி வைத்தால் அடுத்த கோஷ்டிக்கு இரண்டு புலி வேண்டும். எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்தே போகும் புலிகள்தான்.

ஒரு உலகக் கோப்பைக்கு நான் எங்கள் அணியின் பத்தாம் நம்பர்காரரை அதே புலியில் உட்காரவைத்துக் கடை வாசலில் கட்டினேன். கட்டிவிட்டு ஒரு பாக்கெட் பாலையும் ஊற்றினேன். ஓடைப்பட்டியில் இருந்து உரம் வாங்க வந்த ஒரு சம்சாரி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவுக எந்தக் கட்சியில நிக்கிறாக என்று கேட்டார். கூட நின்ற அளியன் சிரித்துக்கொண்டே, டெபாசிட் போயிரும்ணே, போட்ட ஓட்டு வீண்தான் என்றான். வீட்டில் என் மனைவி, பிள்ளைக்கு வைத்திருந்த பாலை எடுத்துப் பேனருக்கு ஊற்றின மகாராசனுக்கு இன்றைக்குக் கடுங்காப்பிதான் என்று சொல்லிவிட்டாள். அது நியாயமான தீர்ப்பு.

ஆப்சைடு என்றால் என்ன என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு நான் சொன்ன விளக்கம் ஊரில் கொஞ்சம் பிரபலம். பந்தி ஆரம்பிக்கும் முன்பே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டவன் கணக்கு அது, அவன் இலையில் சோறு விழுந்தாலும் செல்லாது என்றேன். அவர் யோசித்துவிட்டு, அப்ப சொந்தக்காரன் எல்லாருமே ஆப்சைடுதான் என்றார். இப்படியெல்லாம் பேசி நான் ஒரு வேடிக்கையான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. சனியன், அதுதான் என்னைக் கெடுத்தது.

அளியனுக்கு ஒரே ஒரு அக்கா. மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் நான் அவர்கள் வீட்டில்தான் பாதி நாள் கிடப்பேன். அந்த அக்கா எனக்கும் சேர்த்துத்தான் சோறு போடும். இரண்டு பேரையும் தம்பி என்றுதான் கூப்பிடும். அந்த அக்காவும் அளியனும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் அவர்கள் அப்பாவின் சாவு. அப்பா திடீரென்று இறந்த அன்று அளியன் அக்கா வீட்டுக்காரர் நம்பருக்குப் போட்டிருக்கிறான். அது சுவிட்ச் ஆப். திரும்பப் போடலாம் என்று இருந்தவன், ஆட்கள் வரப் போக, பந்தல்காரனுக்கும் பாடைக்கும் ஆள் பிடிக்க, அப்படியே மறந்துவிட்டான். சேதி வேறு யார் மூலமாகவோ போய், அக்கா கார் பிடித்து வந்து சேர்வதற்குள் தூக்கிவிட்டார்கள். மழை கட்டிக்கொண்டு வருகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், அளியனுக்கு அவர்களை நிறுத்தத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் அப்பா முகம் பார்க்காமல் போனது. அக்கா தெருவில் நின்று ஒரே வார்த்தைதான் சொன்னது. அந்த வார்த்தை ஊருக்கே தெரியும்.

"ஏலே, இனி நீ செத்தாத்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன்."

அதற்குப் பிறகு வரவே இல்லை. அளியனும் ரோஷக்காரன், போகவில்லை. ஆனால் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதில் இருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாய்மாமன் இல்லாமல் இந்தப் பக்கம் கல்யாணம் ஏது? கூப்பிடுவாளா அளியா, கூப்பிடுவாளா என்று என்னிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பான். போத்தனூர்ப் பக்கம் சரக்கு எடுக்கப் போனவன் அந்தப் பிள்ளைக்கு என்று ஒரு பட்டுச்சேலை வாங்கிவந்து பீரோவில் வைத்திருந்தான். எனக்கு மட்டும் காட்டினான். அரக்குக் கலரில் நல்ல சேலை. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும்தான் அதைச் செய்தேன்.

அந்த உலகக் கோப்பையில் பிரேசில் கால் இறுதியில் பெனால்டியில் தோற்றது. நாங்கள் என் கடையில்தான் உட்கார்ந்து பார்த்தோம். கடைசிப் பந்து கோல் கம்பத்தில் பட்டதும் அளியன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் என்னென்ன பேசப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் போனையும் அணைத்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் ஓடைப்பட்டியில் இருக்கும் அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் விடியக்காலையிலேயே கடையைத் திறந்தேன். இருபது வருஷமாக மண்டைக்குள் கிடந்த வேலை என்பதால் கை தானாக ஓடியது. எங்கள் கடையில் சாவுக்கு என்று ஒரு டிசைன் உண்டு. கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் போட்டோ, மேலே கண்ணீர் அஞ்சலி. தீபாவளிக்கு நான் எடுத்த அளியன் போட்டோ இருந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பல் தெரிந்த சிரிப்பு. அதற்கு ஒரு சந்தன மாலையைப் போட்டேன். கீழே அவன் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில்தான் என் கைவரிசை எல்லாம். தோற்றம்: லீக் ஆட்டம். மறைவு: கால் இறுதி. பெனால்டியில் அகால மரணமடைந்த எங்கள் பிரேசில் அளியனின் பிரிவால் வாடும் நீல வெள்ளைப் பேரவை, சின்னமனூர். நீல வெள்ளை அர்ஜென்டினாவின் கொடி நிறம், அந்தப் பேரவையில் உறுப்பினர் நான் ஒருத்தன்தான். வலது பக்க மூலையில் எல்லா பேனரிலும் போடுகிற மாதிரி என் கடை பெயர்.

அடித்து முடித்து விரித்துப் பார்த்தபோது நானே சொல்லிக்கொண்டேன், சுத்தமான வேலை என்று. அச்சு அசலாக இருந்தது. நிஜம்போல இருந்தால்தானே வேடிக்கை என்று நினைத்தேன். மார்க்கையன்கோட்டைக்குப் பிரிகிற விலக்கில்தான் ஊரின் சாவு பேனர் எல்லாம் கட்டுவது. அளியன் தினமும் டீ குடிக்க வருவதும் அங்கேதான். நானே ஏணி போட்டு ஏறி அங்கிருந்த கம்பத்தில் கட்டினேன். ஒருவேளை நான் கொஞ்சம் மோசமான தொழில்காரனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பேனரில் பொடி எழுத்தை ஒரு மனுஷனும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் போகிறவன் போட்டோவைப் பார்ப்பான், விளக்கைப் பார்ப்பான், உச்சுக் கொட்டுவான், பஸ் போய்விடும். குமுளியில் எல்லாருக்கும் நேற்று யார் தோற்றது என்று தெரியும், அதனால் அங்கே அது சிரிப்பு. எங்கள் ஊரில் பிரேசில் தோற்ற சேதி தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி என்றால் சாவுதான்.

பத்து மணி வாக்கில் உரக்கடைக்காரர்கள் சங்கத்தில் இருந்து ஒருத்தர் என் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நெஞ்சு வலியாப்பா? நேத்து சாயங்காலம்கூட எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தானே. அதே போட்டோவ வச்சு எங்க சங்கம் பேருல ஒண்ணு அடிச்சிரு. எப்ப எடுக்காக?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சிரித்துக்கொண்டே அவருக்கு விளையாட்டு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்ன அடுத்த வார்த்தையில் என் சிரிப்பும் நின்றுபோனது. விலக்கில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அந்தப் பேனரைப் பார்த்து ஒரு பொம்பளை மாரில் அடித்துக்கொண்டு அழுததாம். மார்க்கையன்கோட்டை ஆட்டோ. அளியனின் அக்கா போலத் தெரிந்தது என்றார்.

நடந்தது இதுதான். அக்கா தெருவில் இருந்து ஒருத்தி காலை பஸ்ஸில் சின்னமனூர் வந்திருக்கிறாள். பேனரைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறாள். உன் தம்பிக்குப் பேனரே கட்டிப்புட்டாக, உனக்குச் சேதி வரலையா என்று கேட்டிருக்கிறாள். சேதி வரலையா என்ற அந்தக் கேள்வியை ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஏற்கெனவே ஒருமுறை காதால் கேட்டிருக்கிறது. பேனர் கட்டியாகிவிட்டது என்றால் செத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது, எடுக்கப்போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்பா முகம் பார்க்கவில்லை, தம்பி முகமாவது பார்க்க வேண்டும். யாரையும் கேட்கவில்லை, கார் வரட்டும் என்று நிற்கவில்லை, காலில் செருப்பில்லை, வந்த ஆட்டோவில் ஏறிவிட்டது. அளியன் நம்பருக்கு ஆட்டோ டிரைவர் போட்டுப் பார்த்திருக்கிறான். சுவிட்ச் ஆப்.

நான் அளியன் தெருவுக்கு வண்டியை விரட்டினேன். முக்கு திரும்பும்போதே சத்தம் கேட்டது. அக்கா தலைவிரி கோலமாக வாசலில் கிடந்தது. தம்பி செத்தால்தான் மிதிப்பேன் என்று எந்த வாசற்படியைச் சொன்னதோ அந்த வாசற்படியில்தான் தலையை முட்டிக்கொண்டு இருந்தது. என்னை மன்னிச்சிரு, கூப்பிடலாம்னுதான்லே இருந்தேன், கல்யாணத்துக்குக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன் என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதது. அளியன் மனைவி உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். புருஷன் காலையில் கிளம்பிப் போனவன், போனும் அணைந்து கிடக்கிறது. நாத்தனார் வந்து இப்படி அழுதால் அவள் என்ன நினைப்பாள்? அவளும் விழுந்து அழுதாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? ஓடிப்போய், அக்கா, நான்தான் செஞ்சேன், அவன் நல்லா இருக்கான் என்று காலில் விழ வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை எழுத ரொம்ப நாள் தயங்கினேன். நான் வண்டியைத் திருப்பினேன். நேரே விலக்குக்குப் போனேன். கத்தியால் கயிற்றை அறுத்துப் பேனரை இறக்கிச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுவந்து மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அங்கே இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது நான் என் கடை பெயரைத்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போனபோது அளியன் வந்துவிட்டிருந்தான். பைக்கில் திராட்சைக் கூடை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். அக்கா நிமிர்ந்து பார்த்தது. அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டது. பிறகு கேட்டது, யார் செஞ்சது என்று.

அளியன் கூட்டத்துக்குள் நின்ற என்னைப் பார்த்தான். பேனரை அவன் பார்க்கவே இல்லை, ஆனால் யார் செய்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சங்கத்துக்காரர்தான் கடைசியில் என்னைக் கையைக் காட்டினார். அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூந்தலை முடிந்துகொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றது. திட்டும் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எங் கையால எத்தன நாள் சோறு தின்னுருக்க நீ" என்று மட்டும் சொன்னது.

அளியன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டது. உயிரோட இருக்கிறவனுக்கு அழுதால் அவனுக்கு ஆயுசு கூடும் என்று ஒரு அம்மா சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த நாலு நாளும் நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அக்கா வீட்டுப் பக்கத்தில் சேதி பரவி, குத்துக்கல்லாட்டம் இருக்கிற தம்பிக்கு ஒப்பாரி வைத்தவள் என்று அதைக் கேலி பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தது. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு வீராப்புப் பேசினவ முட்டி மோதிட்டுல்ல வந்துருக்கா என்றார்களாம். என் வாயால் ஊரைச் சிரிக்கவைத்தே பழகியவன் நான். இந்தச் சிரிப்பும் என் கைவேலைதான்.

ஐந்தாம் நாள் அளியனே கடைக்கு வந்தான். என்னை அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் செத்தா அவ வருவாளா மாட்டாளான்னு ஆறு வருசமாக் கெடந்து மருகிக்கிட்டு இருந்தேன் அளியா. வருவா. அது தெரிஞ்சு போச்சு. உயிரோட இருக்கயில வரலாம்னு இருந்தா பாரு, அதத்தான் நீ கெடுத்துப்புட்ட. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனான். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி கோப்பையை வென்றது. எத்தனை வருஷக் காத்திருப்பு அது. குமுளி முதலாளியின் மகன்கள் மூன்று பேரும் மாறி மாறிப் போன் செய்தார்கள். நான் எடுக்கவில்லை. ஆட்டத்தையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு காதுகுத்து பேனருக்கு இருபத்திரண்டு மாமன்மார்களின் போட்டோவை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜெயித்த சேதியை மறுநாள் காலை பேப்பரில்தான் படித்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் பேப்பரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வரவில்லை.

அளியன் அதன்பிறகு வாராவாரம் மார்க்கையன்கோட்டைக்குப் போக ஆரம்பித்தான். ரோஷத்தை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டான். ஒரு கூடை திராட்சையோடு அக்கா வீட்டுக் கேட்டில் நிற்பானாம். கதவு திறக்காது, கூடையைத் திரும்பக் கொண்டுவருவான். இப்படி எத்தனை வாரம் போனான் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கூடை இல்லாமல் திரும்பி வந்தான். டீக்கடையில் சிலபேர், பார்த்தியா, உன் பேனர் நல்லதுக்குத்தான் ஆகியிருக்கு என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அளியனிடமே ஒருநாள் லேசாக எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் சேத்து வைக்கல. அப்படி நெனச்சிக்கிட்டுத் திரியாத" என்றான் அவன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் அக்கா என் கடைப் படியேறி வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா வாங்க என்று சொன்னேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. அக்கா உட்காரவில்லை. மடித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தது. மகள் கல்யாணத்துக்கு பேனர். மணமகள், மணமகன், ஊர், மண்டபம். அதற்கு அடுத்த வரியில் தாய்மாமன் என்று எழுதி அளியன் பெயர் இருந்தது.

"போட்டோ ஒங்கிட்டதான் இருக்கு" என்றது.

அவனை வரச்சொல்லி நல்லதாக வேறு போட்டோ எடுத்துப் போடுகிறேன் என்றேன்.

"வேணாம். அதே போட்டோ. மாலைய மட்டும் எடுத்துரு. அதே அளவுல அடிச்சு அதே கம்பத்துல கட்டணும். அன்னைக்கு அதப் பாத்தவுக அம்புட்டுப் பேரும் இதையும் பாக்கட்டும்."

அதற்காகத்தான் என் கடைக்கு வந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். அக்கா அதற்குள் படியிறங்கிவிட்டது. இரண்டாம் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னது.

"கீழ ஒங் கடை பேரப் போடாத. எங்க வீட்டு நல்லதுல அது வேணாம்."

தம்பி என்று சொல்லவில்லை. அன்று வாசலில் பேசியபோதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

அன்று மாலை அந்தப் பழைய வேலையைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். சந்தன மாலையைக் கழற்றினேன். குத்துவிளக்கை எடுத்தேன். கறுப்புக் கரையை எடுத்துவிட்டு மஞ்சளும் சிவப்பும் போட்டேன். அளியன் அதே வெள்ளைச் சட்டையில் அதே சிரிப்போடு இருந்தான். வலது மூலையில் இருந்த என் கடை பெயரைக் கடைசியாக எடுத்தேன். விடியற்காலையில் நானே ஏணி போட்டு ஏறி அதே கம்பத்தில் கட்டினேன்.

கல்யாணப் பத்திரிகை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தது, எங்கள் வீட்டைத் தவிர. முகூர்த்தத்தன்று ஊரே மண்டபத்துக்குப் போயிருந்தது. நான் கடையைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முடியாமல் விலக்கு டீக்கடைக்குப் போனேன். அங்கே ஓடைப்பட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு வெளியூர்க்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா அடிச்சிருக்காகளே, எங்க ஊர்ல இப்படி சுத்தமா வராது என்றார். அருகில் போய் மூலையை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கடை பேரக் காணோமே. யாரு அடிச்சதுன்னு தெரியுமா?"

"தெரியலண்ணே" என்றேன்.